மருந்துக் கடை நோட்டில் பேர் இல்லாத தக்காளி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதிக் குழு ஒன்றின் உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



தக்காளியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரும் தக்காளி வைக்கிறவர்கள்தான். முதலில் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறோம். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நாங்கள் விழுந்த குழியிலேயே நீங்களும் விழுவீங்க.

தக்காளி விலை நம்ம கையில் இல்லை. ஒரு வாரம் பெட்டி நல்ல விலைக்குப் போகும். அடுத்த வாரம் பறிகூலிக்கே கட்டாது. ஆனால் விலை விழுந்தாலும் மருந்துக் கடைப் பாக்கி விழாது. குழுவில் வாங்கின கடனில் பெரும்பங்கு மருந்து பாட்டிலுக்கே போச்சு. மருந்து அடித்த மறுநாளே வெறுங்கையால் காய் பறிக்கிறதும் நாமதான். விலைதான் நம்ம கையில் இல்லை, செலவாவது இருக்கட்டும் என்று 2022-ல் இயற்கை முறைக்கு வந்தோம்.

முதல் தடவை என்ன ஆச்சு?

நாலு பேர், ஆளுக்கு முப்பது சென்ட் வைத்தோம். மருந்தை நிறுத்தினோம். புழு கண்ணில் பட்டதும் வேப்பங்கொட்டைச் சாறு அடித்தோம். ஒன்றும் கேட்கவில்லை. பறித்த காயில் பாதி ஓட்டைக் காய்.

எங்களில் ஒரு அக்கா கூட்டத்திலேயே அழுதுவிட்டார். "உங்க பேச்சைக் கேட்டு, வீட்டுக்காரர்கிட்ட பேச்சு வாங்கிட்டு நிக்கிறேன். தவணைக்கு எங்க போவேன்?" என்று கேட்டார். அந்த மாதத் தவணையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கட்டினோம். அப்புறம் அவர் வயல் வரப்பிலேயே உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பேசினோம்.

முதல் தப்பு: பார்க்காமல் விட்டது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, பூவுக்குப் பக்கத்துக் கொழுந்து இலையில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். முட்டை கசகசா அளவுதான் இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிந்து, கொஞ்ச நாள் இலையைச் சுரண்டித் தின்னும். அதற்கப்புறம்தான் காயைத் துளைக்கும். உள்ளே போன புழுவை எந்த மருந்தும் சுலபமாக எட்டாது, விலை கொடுத்து வாங்கின மருந்தாக இருந்தாலும் சரி. நமக்குக் கிடைப்பது அந்த நாலைந்து நாள்தான்.

இப்போது பூ எடுத்ததிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு முறை, காலையில் வயலைச் சுற்றி நடக்கிறோம். அங்கங்கே இருபது செடியின் கொழுந்தைத் திருப்பிப் பார்க்கிறோம். முட்டை இருந்தால் அந்த இலையைக் கிள்ளி எடுக்கிறோம். ஓட்டைக் காயை வரப்பில் போடாமல் குழி தோண்டிப் புதைக்கிறோம். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால், அந்துப்பூச்சி வர ஆரம்பித்ததை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது தப்பு: வேப்பங்கொட்டையை விஷம் மாதிரி நினைத்தது. அது பூச்சியை உடனே சாகடிக்காது. தின்ன விடாது, வளர விடாது. அதனால் புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்கணும். பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் துணியில் வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொட்டைப்பாக்கு அளவு காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். சோப்பு இல்லையென்றால் இலையில் ஒட்டாது. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடிக்கணும். வடித்ததை அன்றைக்கே தீர்த்துவிடணும். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த கொட்டை ஆகாது.

மூன்றாவது தப்பு: செண்டுமல்லியை நேரம் தெரியாமல் வைத்தது. தக்காளி பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தால், அந்துப்பூச்சி அந்த மொட்டைத் தேடிப் போய் முட்டை வைக்கும். நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் விதைத்துவிட்டோம். தக்காளி பூத்தபோது செண்டுமல்லி மொட்டே விடவில்லை. நடும்போது தக்காளி நாத்துக்கு 25 நாள், செண்டுமல்லி நாத்துக்கு 45 நாள் வயது இருக்கணும். அதாவது செண்டுமல்லியை இருபது நாள் முன்னாடி விதைக்கணும். வரிசையை வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது, அதில் இருக்கும் புழுவையும் பொறுக்கணும். அந்தப் பூ கைச்செலவுக்கு ஆச்சு.

நாத்திலேயே கவனிக்க வேண்டியது

இலைச்சுருட்டு நோய் வந்த செடியைக் குணமாக்க முடியாது. வெள்ளை ஈதான் அதைப் பரப்புகிறது. நாத்தங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடினால் ஈ உள்ளே போகாது. நட்ட வயலில் சுருண்ட செடியைப் பார்த்தால், பாவம் பார்க்காமல் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். தகரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி நட்டால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஊசிப்புழு என்று ஒன்று இருக்கிறது. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. 2014-ல்தான் நம் நாட்டில் கண்டறியப்பட்டது. இலைக்குள் புகுந்து வெள்ளையாகக் கொப்புளம் போட்ட மாதிரி தின்னும். காயில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கும். இதற்கான பொறிக் குப்பி வேறு, கேட்டு வாங்குங்கள்.

பலன் என்ன?

மகசூல் கூடிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். சொத்தைக் காய் இன்னும் கொஞ்சம் வருது. 2023-ல் ஆடியில் ஏறின தக்காளி விலை புரட்டாசிக்குள் சரிந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அப்போது எங்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் மருந்துக் கடை நோட்டில் எங்கள் பேர் இல்லை. தவணை தவறவில்லை. அன்றைக்கு அழுத அக்காதான் இப்போது எங்களுக்கு முன்னாடி காலையில் வயலைச் சுற்றுகிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஒரு வயலில் மட்டும் செய்தால் பக்கத்து வயலில் இருந்து வந்துவிடும். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்தால்தான் நிற்கும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் கொட்டும்போது குழுவாகப் பொறுக்குவோம். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி வைப்போம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, நம்ம ஊர் மரத்தடியிலேயே கிடக்குது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்.