நீக்கிய பெயர் மீண்டும் எழுவதேன்?
பரவல் தரவுத்தளங்களின் பராமரிப்புக் குறித்த உரை

ஒரு மாவட்ட ஓய்வூதியப் பட்டியலிலிருந்து, காலமான முதியவர் ஒருவரின் பெயர் நீக்கப்படுவதாகக் கொள்க. அலுவலர் திரையில் சரிபார்க்கிறார்; பெயர் இல்லை. இரு வாரங்கள் சென்றபின் அதே பெயர் பட்டியலில் மீண்டும் தோன்றுகிறது. எவரும் அதனைச் சேர்க்கவில்லை. மோசடி ஏதும் நிகழவில்லை. பராமரிப்புப் பணி ஒன்று உரிய நாளில் நடைபெறாமையே காரணமாக இருத்தல் கூடும்.

இது எவ்வாறு நேரும் என்பதை விளக்கக் கஸாண்ட்ரா என்னும் தரவுத்தளம் தக்க சான்றாகும். ஃபேஸ்புக் நிறுவனத்தில் அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக் ஆகிய பொறியாளர்கள் உருவாக்கிய இது, 2008-ஆம் ஆண்டில் அனைவரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 2010-இல் அப்பாச்சி அமைப்பின் முதல்நிலைத் திட்டங்களுள் ஒன்றாயிற்று. இதில் தலைமைக் கணிப்பொறி என ஒன்று கிடையாது. பல கணிப்பொறிகள் சம நிலையில் இயங்குகின்றன. ஒவ்வொரு பதிவும் வழக்கமாக அவற்றுள் மூன்றில் நகலாக வைக்கப்படுகிறது. மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டால் போதும் என்று அமைத்துவிட்டால், ஒன்று பழுதுற்றாலும் அலுவல் தடைப்படுவதில்லை. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: மூன்று நகல்களும் எந்நேரமும் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நின்றுபோன கணிப்பொறிக்குரிய மாற்றங்களை மற்றவை குறித்து வைத்திருந்து, அது திரும்பியதும் ஒப்படைக்கும். ஆனால் இயல்பான அமைப்பில், நின்றதிலிருந்து மூன்று மணி நேரம் வரையிலான மாற்றங்களே இவ்வாறு குறிக்கப்படும். ஐந்தாம் மணியில் நிகழ்ந்த நீக்கம் அதற்குத் தெரியாமலே போய்விடும்.

நீக்கம் என்பதும் இங்கு ஒரு பதிவே என்பதை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பழைய பதிவு உடனே துடைக்கப்படுவதில்லை. ‘இது நீக்கப்பட்டது’ என்னும் அடையாளம் அதன்மேல் வைக்கப்படுகிறது. பொறியாளர்கள் அதனைக் கல்லறைக்கல் என்றே வழங்குகின்றனர். இயல்பாக 8,64,000 விநாடிகள், அதாவது பத்து நாட்கள், அது காக்கப்படும். அதன்பின், கோப்புகள் ஒன்றுசேர்க்கப்படும்போது அடையாளமும் அகற்றப்படும். அதற்குள் மூன்றாவது கணிப்பொறிக்குச் செய்தி எட்டவில்லையெனில், அதனிடம் உள்ள பழைய பதிவை மறுக்க எந்தச் சான்றும் எஞ்சியிராது. மற்ற இரண்டும் அதனைப் புதிய செய்தியெனக் கருதி ஏற்றுக்கொள்ளும். முதியவரின் பெயர் மீண்டும் எழுந்தது இவ்வாறே.

இதனைத் தடுப்பதே ‘ரிப்பேர்’ எனப்படும் ஒப்புநோக்குப் பணி. உடைந்ததைச் செப்பனிடுதல் என்று அப்பெயர் பொருள்படுவதால், எதுவும் உடையாதபோது இது எதற்கு என்று அலுவலகங்களில் கேட்கும் நிலை உண்டாகிறது. பெயர் சரியாக அமையவில்லை என்றே கூறவேண்டும். ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னிடமுள்ள பதிவுகளின் சுருக்கக் குறியீடுகளைக் கணித்து, மரக்கிளைகள் போல அடுக்குகிறது. உச்சியிலுள்ள குறியீடுகள் ஒத்திருந்தால் வேலை முடிந்தது. வேறுபட்டால் எந்தக் கிளையில் வேறுபாடு என்று கீழிறங்கித் தேடி, அப்பகுதி மட்டும் பரிமாறப்படும். பதிவுகள் அனைத்தையும் ஒன்றுக்கொன்று அனுப்பி ஒப்பிடும் செலவு இதனால் மிச்சமாகிறது. எனினும் வட்டைப் படிக்கும் சுமையும் இணைப்பின் சுமையும் சிறியன அல்ல. ஆகவே சிறு பகுதிகளாகப் பிரித்து, அலுவல் குறைந்த வேளைகளில் நடத்துதல் நன்று. ஒரு சுற்று ஏழு நாட்களில் முடியுமாறு வகுத்தால், தடை ஏற்படின் ஈடுசெய்ய மூன்று நாட்கள் கையில் இருக்கும்.

பத்து நாட்களை முப்பதாக நீட்டிவிட்டால் என்ன என்ற வினா எழலாம். நீட்டலாம், ஆனால் அடையாளங்கள் குவிந்து தேடுதல் தாமதமாகும். ஒரே தேடலில் 1,000 அடையாளங்களைக் கடந்தால் எச்சரிக்கை தரவும், 1,00,000-ஐக் கடந்தால் தேடலையே கைவிடவும் இத்தரவுத்தளம் இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது.

கடிகாரங்களையும் மறத்தலாகாது. இரு பதிவுகள் முரண்பட்டால் பிந்திய நேரமுத்திரை உடையதே வெல்லும். முந்தி ஓடும் கடிகாரத்தின் முத்திரையோடு எழுதப்பட்ட பதிவு, அதன்பின் முறையாகச் செய்யப்பட்ட நீக்கத்தையும் தோற்கடித்துவிடும். தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு கணிப்பொறிகளை இசைவிக்குமாறு, 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணை பாதுகாப்பை முன்னிட்டது. இங்கும் அது பயன்படும்.

கணிப்பொறி வாங்க நிதி ஒதுக்குவோர், இப்பணிக்குரிய ஆட்களையும் நேரத்தையும் மதிப்பீட்டில் காட்டத் தவறுகின்றனர். பணி தவறிய நாளில் எந்த மணியும் ஒலிப்பதில்லை. ஆதலால் கடைசிச் சுற்று முடிந்த தேதியைப் பதிவேட்டில் குறித்து, மேலலுவலர் வாரந்தோறும் பார்வையிடுதல் வேண்டும். பத்து நாட்களுக்கு மேல் நின்றிருந்த கணிப்பொறியை அப்படியே மீண்டும் இணைத்தல் கூடாது. அதிலுள்ள தரவை முழுவதும் துடைத்து, மற்ற நகல்களிலிருந்து புதிதாக நிரப்பிய பின்னரே அதனைப் பணியில் சேர்த்தல் வேண்டும்.