பிரௌசரும் அழையா விருந்தாளிகளும்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது உபயோகமா பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்கிற அண்ணன்மாரும், வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிற தம்பிமாரும் தினமும் திறக்கிற ஒரே கதவு பிரௌசர்தான். தமிழில் உலாவி என்கிறோம். அந்தக் கதவைப் பற்றியும் அதன் சாவியைப் பற்றியும் சிறிது பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

மூத்த செட்டுக்காரர்களுக்கு நெட்ஸ்கேப் என்ற பெயர் நினைவிருக்கும். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் பிறந்தது. 1994-இல் நெட்ஸ்கேப், 1995-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். அதே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. நெட்ஸ்கேப் 2008-இல் விடைபெற்றது. எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூனில் மைக்ரோசாஃப்டே ஓய்வுக்கு அனுப்பியது.

இன்றைக்குக் கடை நிறையப் பெயர்கள். ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சினைப் பார்த்தால் பெரிய குடும்பங்கள் மூன்றே மூன்று. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் நான்கும் குரோமியம் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஃபயர்ஃபாக்ஸ் தனிக் குடும்பம். ஆப்பிளின் சஃபாரி இன்னொரு குடும்பம். ஆகவே "எது வேகம்?" என்று சண்டை போடுவதில் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

ஒன்று: உங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறதா? 2023 பிப்ரவரியிலிருந்து விண்டோஸ் 7-க்குப் புதிய குரோம் வருவதில்லை. "நல்லாத்தானே ஓடுது சார்" என்பார்கள். ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. அந்தப் பெட்டியில் பாங்க் வேலை பார்க்காதீர்கள்.

இரண்டு: இலவசமாகத் தருகிறவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கூகுள் தேடலே முதலில் வர வேண்டும் என்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுக்கப்பட்டது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. ஃபயர்ஃபாக்ஸின் வருமானத்திலும் பெரும்பங்கு கூகுளிடமிருந்துதான். இது குற்றமில்லை, வியாபாரம். ஆனால் உங்கள் தேடல் பெட்டிக்கு அவ்வளவு விலை இருக்கிறது என்று தெரிந்தால், யாராவது திருட்டுத்தனமாக அதை மாற்ற ஏன் முயல்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

இனி விருந்தாளிகள் கதைக்கு வருவோம். பிரௌசரில் கூடுதலாக மாட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்களை எக்ஸ்டென்ஷன் என்கிறோம். விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, இலக்கணம் திருத்த ஒன்று, பி.டி.எஃப். மாற்ற ஒன்று. சிலது நாம் அழைக்காமலே வரும். ஏதோ இலவச மென்பொருளை ஏற்றும்போது, முன்கூட்டியே டிக் போட்ட ஒரு கட்டத்தை நாம் கவனிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்துவோம். மறுநாள் முகப்புப் பக்கம் மாறியிருக்கும், தேடல் வேறெங்கோ போகும். ஜாவாவை நிறுவும்போது ஆஸ்க் டூல்பார் இப்படித்தான் பல ஆண்டுகள் கூடவே வந்தது.

இவர்களையாவது கண்டுபிடித்துத் துரத்திவிடலாம். நாமே அழைத்து உட்கார வைத்த விருந்தாளி ஆள் மாறிப்போனால்?

'கிரேட் சஸ்பெண்டர்' என்று ஓர் எக்ஸ்டென்ஷன் இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும். உண்மையிலேயே நல்ல கருவி. 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்று வெளியே தெரியவில்லை. 2021 பிப்ரவரியில், தீங்கு செய்யும் நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. நம்பிக்கையான ஆளிடம் வீட்டுச் சாவி கொடுத்து வைத்தோம். அவர் வேலையை வேறொருவருக்கு விற்றுவிட்டார், சாவியையும் சேர்த்து. நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விற்காத நல்லவரிடமும் சாவி திருடு போகலாம். சைபர்ஹேவன் என்பது தகவல் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதன் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலை நம்பி அனுமதி கொடுத்தார். மறுநாள் அந்த எக்ஸ்டென்ஷனின் கெட்ட பதிப்பு தானாகவே பயனர்களின் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது. பாதுகாப்புக் கம்பெனிக்கே இந்தக் கதி.

கவனியுங்கள், ஓட்டையை அடைக்கும் தானியங்கிப் புதுப்பிப்புதான் கெட்டதையும் கொண்டு வருகிறது. புதிதாகக் கூடுதல் அனுமதி கேட்டால் குரோம் நம்மை நிறுத்திக் கேட்கும். ஆனால் "எல்லா வலைத்தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்" என்று முதல் நாளே நாம் அனுமதி கொடுத்துவிட்டால், அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஆள் மாறினாலும் மணி அடிக்காது.

"முகவரியில் எச்.டி.டி.பி.எஸ். இருக்கே, போதாதா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். அது வழியில் திருடனைத் தடுக்கும். எக்ஸ்டென்ஷன் வழியில் இல்லையப்பா, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கடிதத்தை நீங்கள் பிரித்த பிறகு தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறது. நீங்கள் ஓ.டி.பி. போட்டு உள்ளே நுழைந்த பின், அந்த நுழைவுச் சீட்டையே நகலெடுத்துக்கொள்ளவும் முடியும்.

அப்படியானால் எக்ஸ்டென்ஷனே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். விளம்பரத் தடுப்பான் பக்கத்தைப் படித்தால்தான் விளம்பரத்தை எடுக்க முடியும்; அதற்கு அந்த அனுமதி நியாயம். கிரிக்கெட் ஸ்கோர் காட்டுகிறவருக்கு உங்கள் பாங்க் பக்கத்தில் என்ன வேலை?

என் யோசனை எளிது. பிரௌசர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாங்க், வருமான வரி, பென்ஷன் மட்டும். அதில் எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட வேண்டாம். மற்ற வேலை எல்லாம் இன்னொன்றில். இரண்டாவது பிரௌசருக்கு வழியில்லையென்றால் குரோமில் இன்காக்னிடோ ஜன்னலைத் திறங்கள். நாமாக அனுமதிக்காத வரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்குவதில்லை.

மாதம் ஒருமுறை எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். பரண் மேல் பழைய சாமான் கிடப்பது போல எத்தனையோ கிடக்கும். "இதை எதுக்குப் போட்டோம்?" என்று யோசிக்க வேண்டி வந்தால், அதுவே நீக்குவதற்குப் போதுமான காரணம். மிச்சமிருப்பவற்றில், 'எல்லாத் தளங்களிலும்' என்பதை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். தேடலும் முகப்பும் கெட்டுப்போயிருந்தால் செட்டிங்ஸில் 'ரீசெட்' இருக்கிறது. குரோமில் அது எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிடும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. லேபில் பொதுக் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைப் பிரௌசரோடு இணைத்து 'சிங்க்' போடாதீர்கள். அங்கே மாட்டிய எக்ஸ்டென்ஷன் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்து சேரும். உங்கள் பாஸ்வேர்டுகள் அங்கே தங்கிவிடும். இன்னொன்று, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் பிரௌசரைத் திறந்து பாருங்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தின் வாசல் அது. பத்து நிமிஷ வேலை. அவர்களால் செய்ய முடியாதது, உங்களால் முடிந்தது.