காலுக்கு வந்த பாடம்

(தொழிலாளரான புனித யோசேப்பு திருநாளில் வானொலியில் ஆற்றிய உரை)



1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை 12-ஆம் பயஸ், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக ஏற்படுத்தினார். இந்நாளில் உழைப்பின் மேன்மையைப் பேசுவது வழக்கம். இன்று சற்றுக் கூச்சம் தருகிற ஒன்றைப் பேசுவோம்: நடுவயதைத் தாண்டியபின் ஒரு தொழிலை முதலிலிருந்து கற்பது.

நம் பங்கில் ஓர் அன்பர். இருபத்தைந்து ஆண்டுகளாக வெல்டிங்தான் அவர் பிழைப்பு. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று அவர் கைபடாத வீடு நம் தெருக்களில் குறைவு. இப்போது பட்டறைக்கு வருவதெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினிய வேலை. அதற்கு டிக் வெல்டிங் தெரிய வேண்டும். மூன்று மாதத்தில் கற்றுக்கொள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆனாலும் பயிற்சிக் கூடத்தில் பிள்ளை வயதுப் பையன்களோடு உட்கார இவருக்கு வெட்கம். “சாமி, நீங்களும் கூட வந்தா வரேன்” என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நாம் போய்விட்டோம்.

பழைய ஆர்க் வெல்டிங்கில் ராடு தானே உருகி இணைப்பாகிவிடும். டிக்கில் அப்படியல்ல. வலக்கையில் டார்ச், அதன் முனையில் பென்சில்போல் கூராக்கிய டங்ஸ்டன். அது 3,400 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும் என்பதால், நெருப்பைத் தந்துவிட்டுத் தான் நிற்கும். சுற்றிலும் ஆர்கான் வாயு பாய்ந்து காற்றை அண்டவிடாது. இடக்கையில் ஃபில்லர் கம்பி. இரண்டு கைக்கும் வேலை கொடுத்தாகிவிட்டது. மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க மிச்சமிருப்பது கால். அதற்குத்தான் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல் ஒரு பெடல்.

முதல் நாள் நாம் அதை அடிவரை மிதித்தோம். 2 மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டை விழுந்தது. பயந்து காலைச் சட்டென்று எடுத்தோம். உருகிய உலோகம் ஒரே நொடியில் இறுகி, நடுவில் குழியும் அதில் மயிரிழை விரிசலும் விட்டது. நமக்கு இதில் இழப்பொன்றும் இல்லை, சிரித்துவிட்டு எழுந்துவிடலாம்.

அவர் கதை வேறு. நமக்குத் தெரியாதது தொல்லை என்றால், அவருக்குத் தெரிந்ததே தொல்லை. ஆர்க் வெல்டிங்கில் ராடு எரிந்து குறையக் குறையக் கையைத் தகட்டை நோக்கி இறக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம். கை தானாக இறங்கியது. டங்ஸ்டன் உருகிய உலோகத்தில் பட்டுக் கெட்டது. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கிரைண்டரில் தீட்டிவர வேண்டும். ஒரே காலையில் பதினொரு முறை போனார். பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சொல்லிக்கொடுக்கும் தம்பிக்கு முப்பது வயதிருக்காது. அவர் ஃபில்லர் கம்பியை வாங்கி வைத்துவிட்டார். மிஷினில் 80 ஆம்பியருக்கு மேல் போகாதபடி வைத்தார். இனிப் பெடலை முழுக்க அழுத்தினாலும் அவ்வளவுதான். “ஐயா, குதிகாலை ஊனுங்க, முன்பாதம் மட்டும் இறங்கட்டும். காலைப் பார்க்காதீங்க, உருகுற பொட்டைப் பாருங்க. பெருசானா விடுங்க, சுருங்கினா அழுத்துங்க.” ஒரு வாரம் இது மட்டும்தான். கம்பியும் இல்லை, இணைப்பும் இல்லை. ஒரு பொட்டை ஒரே அளவில் தகட்டின் ஓரம்வரை நடத்திக்கொண்டு போவது. இதைவிடச் சலிப்பான வேலையை நாம் குருமடத்தில்கூடச் செய்ததில்லை.

அடுத்து அலுமினியம். அது 660 டிகிரியிலேயே உருகும். ஆனால் மேலே படிந்த ஆக்சைடு தோல் 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். தோலை உடைக்க மிஷினை ஏ.சி. மின்னோட்டத்தில் வைக்க வேண்டும். தொடக்கத்தில் நன்றாக அழுத்த வேண்டும். தகடு சூடேறியதும் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போக வேண்டும். விடாவிட்டால் மொத்தமும் சரிந்துவிழும். முடிவில் மெல்லத் தளர்த்தி, குழியைக் கம்பியால் நிரப்பி, நெருப்பு அணைந்தபின்னும் வாயு நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே வைத்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு அந்தச் சில நொடிகள் பெரும்பாடு.

நாசரேத்துப் பட்டறையை நினைத்துக்கொண்டோம். சிறுவன் இயேசு இழைத்த முதல் பலகை வழவழப்பாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை. யோசேப்பு அதை வாங்கித் திருப்பிப் பார்த்திருப்பார்; இன்னொரு பலகை கொடுத்திருப்பார்.

இரண்டரை மாதம் ஆகிவிட்டது. பையன்கள் இப்போது எண்ணுவதில்லை. அலுமினியத்துக்கு எப்போது காலை விடுவது என்று அவரிடமே கேட்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் அவருடைய வலக்கால் தரையை அழுத்தி அழுத்தி விடுகிறதாம். அவர் மனைவி சொன்னார். நமது ஓட்டைத் தகடு பங்கு இல்லத்து மேசையில் காகிதங்கள் பறக்காமல் காக்கிறது.

வரும் சனிக்கிழமை அவர் முதலாளி முன்னிலையில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகளை இணைத்துக் காட்ட வேண்டும். நேற்று மாலை போட்ட நான்கில் ஒன்றின் முடிவில் இன்னும் விரிசல் இருந்தது. அன்று காலைத் திருப்பலியை அவருக்காக ஒப்புக்கொடுக்கிறோம். நீங்களும் உங்கள் செபத்தில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.