ஸ்டிக்கரை நம்பாதீர், வெர்னியரை நம்புவீர்!

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மாணவர்களின் மோட்டார் கிளப் சில மாதங்களுக்கு முன் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தது. முன்னாள் மாணவர் ஒருவர் கிளப்புக்குத் தந்த பழைய மாருதி ஸ்விஃப்ட் காரைக் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு 'காயில் ஓவர்' எனப்படும், உயரத்தையும் விறைப்பையும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சஸ்பென்ஷன் ஒரு செட் தேவை. புதிது விலை கட்டுப்படியாகாது. செகண்ட் ஹாண்டில் ஒன்று வந்திருக்கிறது. சங்கம் பணம் தருமா?

வாகன உதிரி பாகத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால், "நீங்க போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். பணம் சங்கத்துடையது. ஆனால் அந்தக் காருக்குள் உட்காரப்போவது வேறு வீட்டுப் பிள்ளைகள். அதனால் நானும் கொஞ்சம் கண்டிப்பாகவே போனேன்.

முதலில், பொருள் என்ன என்று மற்ற துறை நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஸ்பிரிங், ஒரு டேம்பர் உண்டு. நாம் ஷாக் அப்சார்பர் என்கிறோமே, அதுதான் டேம்பர். ஸ்பிரிங் பளுவைத் தாங்கும். டேம்பர் ஆட்டத்தை அடக்கும். காயில் ஓவரில் டேம்பரின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். அதன் மேல் ஒரு காலர். காலரைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். மேலேயுள்ள குமிழைத் திருப்பினால் 'கிளிக் கிளிக்' என்று டேம்பரின் விறைப்பு மாறும். ஸ்விஃப்டின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றாக இருக்கும். பின்பக்கம் இரண்டும் தனித்தனி.

விற்கிறவர் வழக்கமான வசனம் பேசினார். "ரேஸ் வண்டியில இருந்து கழட்டினது சார். ஒரிஜினல். ஸ்டிக்கர் கூட போகலை பாருங்க!" ஸ்டிக்கர் போகவில்லை என்பது உண்மைதான். புத்தம் புதிதாகப் பளபளத்தது. பழைய சாமானில் ஸ்டிக்கர் மட்டும் புதிதாக இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்!

நான் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து மூன்றாமாண்டு தம்பியிடம் கொடுத்தேன். முன்பக்க ஸ்பிரிங் இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம், உள்விட்டம் 62 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் ஆறு. கம்பியின் விட்டத்தை அளந்தபோது இடது பக்கம் 12 மி.மீ., வலது பக்கம் 11 மி.மீ. என்று வந்தது. தம்பி சொன்னான்: "ஒரு மில்லிதானேண்ணா வித்தியாசம்?"

இந்த இடத்தில்தான் நம் டிசைன் வகுப்பு ஞாபகத்துக்கு வரவேண்டும். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும். சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு குறையும். எஃகின் விறைப்புக் குணகத்தையும் நான்காம் அடுக்கையும் பெருக்கி, மூன்றாம் அடுக்கு, சுற்றுகளின் எண்ணிக்கை, எட்டு ஆகியவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். எஃகுக்கு 79,000 நியூட்டன் / சதுர மி.மீ. என்று போட்டுக்கொள்ளுங்கள். 12 மி.மீ. கம்பிக்கு ஒரு மி.மீட்டருக்கு 84 நியூட்டன், அதாவது சுமார் 8.6 கிலோ வருகிறது. 11 மி.மீ. கம்பிக்கு 62 நியூட்டன், சுமார் 6.3 கிலோதான். ஒரு மில்லி குறைந்ததற்கு விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது! இரண்டு வேறு செட்டிலிருந்து எடுத்து ஒரே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இடது திருப்பத்தில் ஒரு குணமும் வலது திருப்பத்தில் வேறு குணமும் காட்டும் கார் பழகுபவன் கையில் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து டேம்பர். அது உயர் அழுத்த வாயு அடைத்த மோனோ டியூப் வகை. தண்டை உள்ளே அழுத்திவிட்டால் அதுவே வெளியே வரவேண்டும். மூன்று வந்தன. ஒன்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. வாயு போய்விட்டது. ஆயில் கசிவைத் துடைத்துவிடலாம், இதை மறைக்க முடியாது.

"ஒரு டேம்பர் கொஞ்சம் வீக்கா இருந்தா என்ன சார்?" என்று விற்றவர் கேட்டார். கணக்கு இதற்கும் பதில் சொல்கிறது. ஒரு முன் சக்கரத்தின் மேல் 250 கிலோ என்று வையுங்கள். வீட்டுக் காரின் ஸ்பிரிங் 20 நியூட்டன் என்றால் உடம்பு வினாடிக்கு 1.4 தடவை ஆடும். 62 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் 2.5 தடவை. அந்த ஆட்டத்தைப் பழையபடி அடக்க, டேம்பருக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பலம் வேண்டும். ஸ்பிரிங் விறைத்து டேம்பர் செத்துப்போனால் சக்கரம் சாலையில் ஒட்டாது, துள்ளும். துள்ளுகிற டயருக்கு ஏது பிரேக், ஏது ஸ்டியரிங்?

அந்த செட்டை வாங்கவில்லை. பிள்ளைகளின் முகம் வாடியது. ஆனால் ஆறு வாரம் கழித்து ஒரு மூன்றாமாண்டு மாணவி எனக்குப் போன் செய்தார். வேறு ஒரு செட். "அண்ணா, எல்லாத்தையும் அளந்துட்டேன்" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். நான்கு ஸ்பிரிங்கின் கம்பி விட்டம், தண்டைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்த விவரம், குரோம் பூச்சில் புள்ளி உண்டா, இடதும் வலதும் கிளிக் எண்ணிக்கை ஒன்றா, காலர் துருப்பிடிக்காமல் மரையில் சுற்றுகிறதா, மேல் மவுன்டில் ஆட்டம் உண்டா, நக்கிளில் மாட்டும் இரண்டு போல்ட் துளைகளின் இடைவெளி நம் காருக்குப் பொருந்துகிறதா என்று எல்லாம் அதில் இருந்தது. நான் நேரில் போய்ச் சரிபார்த்தேன். ஒரு எண் கூட மாறவில்லை. சங்கம் அன்றே பணம் தந்தது.

சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனாலும் இதே முறைதான். பெயர் புதுப்பேட்டை, கிடைப்பது பழசு! ஆனால் அளந்து வாங்கத் தெரிந்தவனுக்கு அங்கே நல்ல சாமானும் கிடைக்கும்.

மாட்டும் வேலை நம் கல்லூரி ஒர்க்ஷாப்பிலேயே நடந்தது. அங்கே நான் வற்புறுத்திய சிலவற்றை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கடியில் கை நீட்டாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது, கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் மேல் நட்டைத் தொடாதீர்கள். ஒரு ஆளையே சாய்த்துவிடும் விசை அதற்குள் இருக்கிறது. பிரேக் ஹோஸில் ஹப் தொங்கக் கூடாது, கம்பியால் கட்டுங்கள். போல்ட்டுகளை சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தன் பளுவில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

"காலரை இறுக்கினா ஸ்பிரிங் விறைக்கும்" என்று பலரும் சொல்வார்கள். விறைக்காது. கம்பியும் அதேதான், சுற்றும் அதேதான். விறைப்பு எப்படி மாறும்? கார் உயரும், அவ்வளவே. ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து இரு பக்கமும் சமன் செய்யுங்கள். உயரம் மாறினால் டோ மாறும், கேம்பர் மாறும். ஆகவே அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி டயர் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள். பிறகு மென்மையான கிளிக்கில் ஆரம்பித்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நல்லது செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. இந்தக் கார் ட்ராக்குக்கு மட்டுமே. ரிகவரி வண்டியில் ஏறிப் போகும், ஏறி வரும். அப்பா வாங்கித் தந்த காரில் இதை மாட்ட நினைக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தை விடுங்கள், நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிப்படி ஒரு தடை 3.7 மீட்டர் நீளத்தில் 10 செ.மீ. மட்டுமே உயர வேண்டும். தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிய மேட்டுக்கு எந்த விதி? 4 செ.மீ. இறக்கிய கார் அதில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும்.

கரி ஸ்பீட்வே எந்த மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, 1995இல் மறைந்த அந்தக் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியவர். இருக்கும் பொருளைக் கொண்டு செய்வது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பழைய பொருள் வாங்குவதில் வெட்கமும் இல்லை. அளக்காமல் வாங்குவதுதான் கூடாது.

நண்பர்களே, சங்கத்துக்கு நாம் நன்கொடை தருகிறோம், நல்லது. கூடவே ஆளுக்கு ஒரு சனிக்கிழமையும் ஒர்க்ஷாப்புக்குத் தாருங்கள். டார்க் ரெஞ்ச் ஒன்றும் டயல் கேஜ் ஒன்றும் அங்கே தேவைப்படுகின்றன என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாணவியின் அளவுத் தாள் ஒர்க்ஷாப் சுவரில் ஒட்டியிருக்கிறது. போகும்போது அவசியம் பார்த்துவிட்டுப் போங்கள்.