பயணியும் பயணமும்

2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னைத் துறைமுகத்தினின்று உல்லாசக் கப்பற் பயணம் தொடங்கிற்று. இத்தகைய பயணங்களுக்கு வழிகாட்டும் முகவராக விரும்புவோர் உங்களுள் இருக்கலாம். அவர்கள் முதலில் சித்தன்னவாசல் சென்று வருக என்பேன்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள அக்குன்றில் காணத்தக்கவை இரண்டு. மேற்குச் சரிவில் அறிவர் கோயில், ஏற்றம் சிறிது. அதன் விதானத்தில் தாமரைப் பொய்கையும், மீனும், யானையும், அன்னமும் ஓவியமாய்த் திகழ்கின்றன. மற்றொன்று ஏழடிப்பட்டம். வெயிலில் பாறைமேல் ஏறி, குன்றின் மறுபுறம் சென்றால், சமண முனிவர் வாழ்ந்த குகையில் 17 கற்படுக்கைகளைக் காணலாம். முழங்கால் நோவுற்ற முதியவர்க்குக் கோயிலே ஏற்றது. வரலாறு பயிலும் இளைஞர் குகையைக் காணாது திரும்புதல் இழப்பு.

கடற்பயணமும் அத்தகையதே. கட்டணத்தைக் கூறுமுன் முகவர் சில கேட்டறிதல் வேண்டும். உடன் வருவோர் யாவர்? ஆட்டம் பாட்டம் விருப்பமா, அமைதி விருப்பமா? கடலில் தலை சுற்றுமா? சுற்றுமெனின், கப்பலின் நடுவே கீழ்த்தளத்து அறையைத் தருக; அங்கு அசைவு குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடல் கொந்தளிக்கக்கூடும் என்பதையும் ஒளியாது உரைக்க.

பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளுடன், வாழ்நாளில் ஒருமுறையேனும் கடல் காண வருவோர் பலர். பொருந்தாப் பயணத்தை அவரிடம் விற்றால், இழந்த நாட்களை யார் மீட்டுத் தருவார்? "இது தங்களுக்கு ஏற்றதன்று" எனத் தயங்காது சொல்பவரையே நான் நல்ல முகவர் என்பேன்.