மண்ணின் ஆழமும் கருவியின் செவியும்

வேளாங்கண்ணிக் கடற்கரைக்கு வருவோர் மணலில் தவறவிடும் காசும் மோதிரமும் கொஞ்சமல்ல. அவற்றைத் தேடும் மெட்டல் டிடெக்டர் என்னும் கருவி எவ்வளவு ஆழம் வரை காணும்? இத்தனை அடி என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

அக்கருவியின் அடியில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதில் பாயும் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், சுற்றிலும் மாறும் காந்தப் புலம் உண்டாகிறது. அப்புலம் எட்டிய உலோகத்தினுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றால் பிறக்கும் மெல்லிய எதிர்ப்புலத்தையே கருவி ஒலியாக்கித் தருகிறது. குரலும் எதிரொலியும் போன்றது இது.

போகும் வழியில் குரல் தேய்கிறது. வரும் வழியில் எதிரொலியும் தேய்கிறது. சுருளின் அகலத்தைவிடத் தொலைவு மிகும்போது, ஆழம் இரு மடங்கானால் காசை எட்டும் புலம் எட்டில் ஒரு பங்காகிறது. மீண்டு வரும் குறியும் அவ்வாறே குறைகிறது. ஆக, எஞ்சுவது 64இல் ஒரு பங்கே! ஆகவே, பொழுதுபோக்குக் கருவி காசளவுப் பொருளைப் பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டருக்குள்ளேயே காணும். செப்புக் குடம் போன்ற பெரும்பொருளை ஒரு மீட்டர் அளவிலும் உணரக்கூடும். அகன்ற சுருள் ஆழம் செல்லும். ஆனால் சிறு மோதிரத்தைத் தவறவிடும்.

சூழலும் இடையூறு செய்யும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், அலை நனைத்த மணலே உலோகம்போல் குரல் கொடுக்கும். 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் கிரகாம் பெல் இத்தகைய கருவியால் தேடினார். படுக்கையின் எஃகுச் சுருள்கள் குழப்பம் விளைத்தன, குண்டு அகப்படவில்லை.

இனி, கருவி ஒலித்தவுடன் தோண்டலாமா என்பதையும் எண்ண வேண்டும். நம் வட்டாரத்து மண் வெறும் மண்ணன்று. நாகப்பட்டினத்தில் 1856 முதல் பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்காக மண் தோண்டியபோது, இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்தவை உட்பட 400க்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. திருமேனியும் ஏடும் ஓரிடத்தில் கிடந்தமையாலன்றோ, காக்கக் கருதி எவரோ புதைத்தனர் என்று ஊகிக்க முடிகிறது? ஒன்றை மட்டும் ஒருவர் தனியே பெயர்த்துச் சென்றிருந்தால் சிலை எஞ்சியிருக்கும், செய்தி அழிந்திருக்கும். எவ்வளவு ஆழத்தில், எதனருகே கிடந்தது என்பதே வரலாற்றின் சாட்சி. கருவியின் ஒலி அதைச் சொல்லாது.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. எனவே மாணவர்களே, பழம்பொருள் கண்ணில் பட்டால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள், உரியவர்க்குச் சொல்லுங்கள். கருவி காட்டும் ஆழம் சில சாண். அம்மண்ணில் உறங்கும் காலத்தின் ஆழமோ பல நூற்றாண்டு.