படம் ஏறாத மலை
(சிறுவர் சித்திர நூல்களும் திண்டுக்கல் மண்ணும்)



கொடைரோடு நிலையத்தில் புகைவண்டியை விட்டு இறங்குவோர் பெரும்பாலும் மேற்கே நோக்குவர். அவர்கள் மனம் கோடைக்கானலில் இருக்கும். கிழக்கே நிற்பது சிறுமலை. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டே இம்மலை என்பது வாய்மொழி வழக்கு. பாட்டி கதை சொல்லும்போது அவள் விரலே படமாகிறது. "அதோ, அந்த மலைதான்" என்று சுட்டியவுடன் கதை குழந்தையின் ஊருக்குள் வந்து அமர்ந்து விடுகிறது. அதே கதை அச்சேறிப் படத்தோடு நூலாகும்போது, சுட்டிய விரலும் சுட்டப்பட்ட மலையும் என்னவாகின்றன? சிறுவர் சித்திர நூல்களை ஆராய்வோர் இவ்வினாவிலிருந்து தொடங்குதல் தகும்.

தமிழில் படமும் நாட்டார் கதையும் கைகோத்தது குழந்தைகளுக்கென இதழ்கள் தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்தது. 'பெரிய எழுத்து' நூல்கள் என வழங்கிய மலிவுப் பதிப்புகளில் நல்லதங்காள், மதுரை வீரன், விக்கிரமாதித்தன் கதைகள் கோட்டுப் படங்களுடன் வெளிவந்தன. எழுத்துக் கூட்டிப் படிப்போரும், பிறர் படிக்கக் கேட்போருமே அவற்றின் வாசகர். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மடியிலிருந்த குழந்தை படத்தைப் பார்த்தது. எழுத்தறியாக் குழந்தைக்கும் நூலினுள் நுழைய ஒரு வாயில் கிடைத்தது.

அவ்வாயிலை அகலத் திறந்தது 'அம்புலிமாமா'. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 சூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் இதனைத் தொடங்கினர். பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் அது பரவியது. சித்ரா, எம்.டி.வி. ஆச்சார்யா, வட்டாதி பாப்பையா, சங்கர் எனத் தேர்ந்த ஓவியர் அணி ஒன்று அதற்கு வாய்த்தது. கொங்கு நாட்டவரான சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தார். 2020இல் மறைந்த அவருக்கு 2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாட்டு இருள் என்று நடந்து வரும் அவருடைய விக்கிரமாதித்தனைக் காணாத வாசகர் அரியர்.

வேதாளக் கதைகளின் அமைப்பு எண்ணத்தக்கது. சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் வேதாளம் சொல்லுவன இருபத்துநான்கு கதைகள். அம்புலிமாமா அவற்றோடு நிற்காமல், அதே சட்டத்துள் புதுக்கதைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பொருத்தியது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு வழக்கு எழும். விடை அறிந்தும் சொல்லாவிடின் அரசன் தலை சிதறும்; சொன்னால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். அரசன் வாய் திறக்குமுன் குழந்தை தானே ஒரு தீர்ப்பைச் சொல்லிப் பார்க்கிறது. எது நீதி என்று எண்ணும் பயிற்சியை அவ்விதழ் பாடமாகத் தோன்றாத வகையில் அளித்தது. இது அதன் அழியாக் கொடை.

எனினும் ஒரு குறையும் உண்டு. ஒரே ஓவியம் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் பயன்பட்டது. எழுத்து மட்டும் மாறியது. ஆகவே படத்திலுள்ள ஊர் தெலுங்கர்க்கும் இந்தி பேசுவோர்க்கும் தமிழர்க்கும் ஒருங்கே பொருந்த வேண்டியிருந்தது. அரண்மனையும் ஆலமரமும் ஆற்றங்கரையும் அழகாகவே தீட்டப்பட்டன. ஆனால் 'அதோ, அந்த மலை' என்று சுட்ட அங்கே மலை இல்லை. எல்லோர்க்கும் உரிய ஊர் எவர்க்கும் சொந்த ஊர் ஆகாது.

வரலாற்றைப் படக்கதையாக்கிய பெருமுயற்சி, அனந்த் பை 1967இல் தொடங்கிய 'அமர் சித்திரக் கதை'. தில்லித் தொலைக்காட்சியின் வினாடி வினா ஒன்றில் கிரேக்கப் புராணம் அறிந்திருந்த மாணவர்க்கு இராமனின் தாய் பெயர் தெரியவில்லை. அதைக் கண்ட வருத்தமே இவ்வரிசைக்கு வித்து என்பர். கண்ணகியும் பாரதியாரும் அதில் இடம்பெற்றனர். ஆயின் அரக்கர்க்குக் கருமையும் வீரர்க்கு வெளிர்நிறமும் பூசும் அவ்வரிசையின் போக்கை ஆய்வாளர் குறை கூறியுள்ளனர். கரிசல் வெயிலில் கறுத்த குழந்தை தன்னை எந்தப் பாத்திரத்தில் அடையாளம் காணும்? வேதாளம் வினவியது, வீரர் வரலாறோ பெரும்பாலும் தீர்ப்பைத் தானே சொல்லி முடித்துவிட்டது.

இனித் திண்டுக்கல் மண்ணுக்கு வருவோம். 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலுநாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்து படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டார். அவருக்கு இடமளித்த பாளையத்தின் கோபால நாயக்கர் பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்து, 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். இச்செய்திகள் பாடநூலில் ஆண்டுகளாகவும், மேடையில் முழக்கமாகவும் ஒலிக்கின்றன. ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்குப் பேருந்தில் செல்லும் ஒரு சிறுமியின் மனக்கண்ணில் அவை உருவம் பெற்றுள்ளனவா என்பதே வினா.

இக்கதையை வேதாளத்திடம் கொடுத்தால் அது எப்படி முடிக்கும்? "மன்னா! அடைக்கலம் தந்தால் பகைவன் தன் மக்கள் மீது பாய்வான் என அறிந்தும் பாளையக்காரர் கதவைத் திறந்தது சரியா? வந்தவரைக் காப்பது பெரிதா, இருப்பவரைக் காப்பது பெரிதா?" என்று கேட்கும். இவ்வாறு கேட்கப்படும்போதே வரலாறு குழந்தைக்குரியதாகிறது. சிலையாக நின்றவர், முடிவெடுக்கத் தயங்கிய மனிதராக இறங்கி வருகிறார். அவர் பெருமை அதனால் குறையாது. துணிவின் விலை விளங்குவதால் கூடும்.

கவிஞர் பெருமக்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இதுவே. வட்டத்தின் பத்தாண்டு நிறைவின் அடையாளமாக ஒரே ஒரு சிறு நூல் உருவாகட்டும். பதினாறு பக்கம் போதும். சொற்கள் குறைவாக, உரக்கப் படிக்கும் ஓசையோடு அமையட்டும். கதை சொன்ன முதியவரின் பெயர் முகப்பில் இடம்பெறட்டும். ஓவியர் சென்னையிலோ மதுரையிலோ அமர்ந்து வரையாமல் ஒருநாள் இங்கு வந்து, காலை ஒளியில் சிறுமலையையும், திராட்சைப் பந்தலையும், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குச் செல்லும் பெண்களின் நிறத்தையும் கண்டு தீட்டட்டும். கடைசிப் பக்கத்தில் அறிவுரை வேண்டா. ஒரு வினா இருக்கட்டும்.

அந்நூலைக் கையில் ஏந்திய குழந்தை நிமிர்ந்து சன்னல் வழியே கிழக்கே பார்க்கும். படத்திலுள்ள மலை அங்கே நிற்கும். பாட்டியின் விரல் சுட்டியதை அன்று அச்சும் சுட்டும்.

வாழ்க தமிழ்.